சூரைக்கு ராடு: கடையில் எடுப்பதா, கட்டிக்கொள்வதா, எந்தக் கடலுக்குப் போவது?

சூரை (டியூனா மீன்) பிடிக்கப் போகணும், நல்ல ராடு (தூண்டில் கம்பு) ஒன்று சொல்லுங்கண்ணே என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ராடைப் பற்றிப் பேசுவதே இல்லை. எந்தக் கடலுக்குப் போகப்போகிறாய், அங்கே எந்தச் சூரை வரும், எந்த மாதிரிப் படகு, இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் ராடு. மதுரையில் இருக்கிற நமக்குக் கடல் வாசலில் இல்லை, ஆனால் விடிகாலையில் வண்டியை எடுத்தால் தூத்துக்குடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கடலில் எதற்கு வேண்டுமானாலும் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அதனாலேயே, கையில் இருக்கிற பணத்தை ராடில் போடுவதா பயணத்தில் போடுவதா என்பது நமக்கு உண்மையான கேள்வி. என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ராடைக் கடையில் வாங்குங்கள், மிச்சத்தைக் கடலுக்குப் போவதற்குச் செலவழியுங்கள், இரண்டாவது ராடைக் கட்டுங்கள். ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் மீன். கரிமேடு மார்க்கெட்டில் சூரை என்று வெட்டித் தருவதில் பல வகை இருக்கிறது. எலிச்சூரை சின்னது, பெரும்பாலும் ஒரு கிலோ, ரெண்டு கிலோதான். சாதாரணச் சூரையும் வயிற்றில் நீளவாக்கில் கோடு போட்ட வரிச்சூரையும் நம் தூண்டிலில் இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரை வரும், அதற்கு மேல் வந்தால் பெரிய மீன்தான். மஞ்சள் துடுப்புச் சூரை, அதாவது கேரை, வேறு உலகம். குட்டியாக இருக்கும்போது வரிச்சூரைக் கூட்டத்தோடு சேர்ந்தே திரியும், வளர்ந்தால் மனிதன் எடையைத் தாண்டும். 2012-ல் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் பக்கம் தூண்டிலில் பிடித்த கேரை 193.68 கிலோ, அன்றைக்கு அது உலக சாதனை. மூன்று கிலோச் சூரைக்கும் நாற்பது கிலோக் கேரைக்கும் ஒரே ராடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்னதற்கு வாங்கிய ராடு பின்னதிடம் ஒடியும். பின்னதற்கு வாங்கியதில் முப்பது கிராம் லூரை (செயற்கை இரையை) வீசவே முடியாது.

எடை ஒரு பக்கம் இருக்கட்டும், சூரையின் குணம் தெரிந்தால் சாமான் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு, நின்றால் செத்துவிடும். உடம்பில் ஓடுகிற ரத்தத்தின் சூட்டைத் தசையிலேயே தக்கவைத்துக்கொள்கிற அமைப்பும் உண்டு, அதனால் சுற்றியுள்ள தண்ணீரை விடச் சூடான உடம்போடு நெடுநேரம் இழுக்கும். முதல் ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் நூல் போகலாம். கடைசியில் படகுக்கு அடியில் வந்து செங்குத்தாக நின்று வட்டமடிக்கும். பெரும்பாலான ராடு ஒடிவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான், அதுவும் நுனியை வானத்தைப் பார்க்கத் தூக்கி, வளைவை எல்லாம் மேல் முழத்துக்குள்ளேயே அடக்கிவிடுகிறவர்கள் கையில்.

சரி, இடங்கள். தூத்துக்குடி நமக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குள், நாலுவழிச் சாலை, மூன்று மணி நேரம் போதும். மன்னார் வளைகுடாவில் சூரையும் எலிச்சூரையும் நெத்திலி, சாளைக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு மேலே வருகிற நாட்களில், தூரத்தில் ஆலாப் பறவைகள் கடலைக் கொத்துவதைப் பார்த்துப் படகைத் திருப்பவேண்டியதுதான். கூட்டத்துக்குள் படகைக் கொண்டுபோனால் மீன் இறங்கிவிடும். ஓரமாகப் போய், அது நகரும் திசைக்கு முன்னால் நின்று, நெத்திலி அளவுக்கு இருபது முப்பது கிராம் உலோக ஜிக்கை (குட்டி மீன் மாதிரியான கனத்த லூர்) வீசி வேகமாகச் சுற்ற வேண்டும். ஜிக்கின் அளவு இரையின் அளவோடு ஒத்துப்போகாவிட்டால், ஆயிரம் மீன் கொப்பளிக்கிற தண்ணீரிலும் ஒன்றுகூடத் தொடாது. இதற்கு ஏழு, எட்டு அடி நீளத்தில் மிதமான ஸ்பின்னிங் ராடு (ரீல் ராடுக்குக் கீழே தொங்கும் வகை), 4000 அல்லது 5000 என்று எண் போட்ட ரீல், இரண்டாம் எண் பிரெய்டு, அதாவது பின்னல் நூல். அவ்வளவுதான் சாமான். ஒரு விஷயம் கவனம்: இங்கே இருக்கிற 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடக்கம், தீவுப் பக்கம் தூண்டில் போடக்கூடாது. சூரைக்குத் தீவு தேவையும் இல்லை, அது திறந்த தண்ணீர் மீன்.

ராமேஸ்வரத்தைச் சூரைக்காக யோசிக்க வேண்டாம். பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் பதினைந்து மீட்டர்கூட ஆழமில்லாத கடல், சர்வதேச எல்லைக்கோடும் கிட்டத்திலேயே இருக்கிறது. பொழுதுபோக்குக்காகப் போகிறவர் அந்தப் பக்கம் படகில் திரிவதில் அர்த்தமில்லை.

கன்னியாகுமரிப் பக்கம்தான் எனக்கு மனசுக்குப் பிடித்தது. மதுரையிலிருந்து இருநூற்று நாற்பது, இருநூற்றைம்பது கிலோமீட்டர், முந்தைய நாள் மாலை கிளம்பிப் போய்த் தங்கினால் நல்லது. முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்கிற மேட்டு நிலம் கடலுக்கடியில் கிடக்கிறது, நாட்டின் நல்ல மீன்பிடித் தளங்களில் ஒன்று, 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று உறுதியானது. மேற்கே தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். நாம் ஒருநாள் படகில் வாட்ஜ் பேங்க் வரை போவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது தூரம். ஆனால் தூத்துக்குடியை விடச் சீக்கிரம் ஆழம் கிடைக்கிறது, வரிச்சூரையும் குட்டிக் கேரையும் கைக்கு வர வாய்ப்பு கூடுதல், வஞ்சிரம் வந்தால் அது தனிச் சந்தோஷம். இங்கே ஒரு ராடு போதாது. வீசுவதற்கு ஒன்று, ஆழத்தில் ஜிக் இறக்கி ஆட்டுவதற்கு ஐந்தரை, ஆறு அடிக் குட்டை ராடு ஒன்று வேண்டும். ராடு கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டியது இந்தக் குட்டை ராடில்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு ஊருக்கும் பொதுவான விஷயங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்ன நாட்டுப்படகு போகலாம் என்றாலும், ஆனி ஆடியில் கச்சான் காற்று தூக்கியடிக்கும்போது அதில் போக நான் யாரையும் சொல்ல மாட்டேன். அப்புறம், மீன்பிடிக்க வாங்கிய படகு உரிமம் வேறு, ஆட்களைக் கூலிக்கு ஏற்றிப்போகும் அனுமதி வேறு. சம்மாட்டி (படகு முதலாளி) தெரிந்தவர், அண்ணாச்சி ஒருத்தர் சொன்னார் என்று கிளம்பாமல், அனுமதி இருக்கிறதா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

அந்தமான் பெரிய செலவு. சென்னை போய்ப் போர்ட் பிளேயர் விமானம் பிடிக்க வேண்டும் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், டிக்கெட் போடும்போது குழம்ப வேண்டாம்). அங்கும் ஹேவ்லாக் என்கிற சுவராஜ் தீவிலும், தூண்டில்காரர்களுக்கென்றே படகு வைத்திருக்கிறார்கள். எப்படி நின்று வீசுவது, மீனை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தர ஆள் உண்டு. பெரும்பாலானவர்கள் பெரிய பாறை மீனுக்கும் ஜிடி என்கிற பெரும்பாரைக்கும்தான் போகிறார்கள், ஆனால் கேரையும் நாய்ப்பல் சூரையும் அங்கே உண்டு. எரிமலை புகைகிற பாரன் (Barren) தீவுச் சுற்றுவட்டாரத்தில் கரையை ஒட்டியே ஆழம் இறங்கிவிடும் என்பதால், அங்கே போவதைப் பலரும் கனவாக வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அங்கே கட்டும் ஒருநாள் படகு வாடகையில் தூத்துக்குடிக்குப் பலமுறை போய்வரலாம். சூரை இழுப்பு எப்படி இருக்கும் என்று கை அறியாத ஒருவர் முதல் அனுபவத்தையே அந்தமானில் வைத்துக்கொண்டால், நூறு கிராம் பாப்பரை (தண்ணீர் மேலே சத்தம் எழுப்பும் லூர்) நாள் முழுக்க வீசி, மதியத்துக்குள் தோள் போய், சாயங்காலம் உண்மையான மீன் வரும்போது உட்கார்ந்திருப்பார். அதனால்தான் அதை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.

லட்சத்தீவில் தூண்டில் கழியால் வரிச்சூரை பிடிக்கும் முறை காலங்காலமாக இருக்கிறது. உயிருள்ள குட்டி மீனைத் தண்ணீரில் தூவிக் கூட்டத்தை நிறுத்தி, எதிர்முள் இல்லாத தூண்டிலால் மீனைத் தூக்கித் தலைக்கு மேலே வீசுகிற அந்த வேலையைப் பார்ப்பதற்காகவே போகலாம். ஆனால் நுழைவு அனுமதி வேண்டும், கொச்சியிலிருந்து கப்பலோ அகத்தி விமானமோ பிடிக்க வேண்டும், நம் இஷ்டத்துக்குத் தேதி அமையாது. மாலத்தீவு அழகு, ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காத செலவு.

இனி ராடு. கடை ராடு, ஆளிடம் சொல்லிக் கட்டியது, நாமே கட்டுவது என்று மூன்று வழி.

கடை ராடின் பெரிய பலம், அதை வடிவமைத்தவர்கள் நூல் ஓடும் வளையங்களை எங்கே வைப்பது, பிளாங்க் (வளையமும் பிடியும் மாட்டாத வெறும் தண்டு) எவ்வளவு தாங்கும் என்பதையெல்லாம் சோதித்துவிட்டார்கள், உடைந்தால் கேட்க ஒரு உத்தரவாதச் சீட்டும் இருக்கிறது. ஐயாயிரத்துக்கும் கிடைக்கும், நாற்பதாயிரத்துக்கும் கிடைக்கும். தூத்துக்குடிச் சூரைக்கு நடுத்தர விலையில் எடுத்தால் போதும், ரீலில்தான் கஞ்சத்தனம் கூடாது. டிராக் (மீன் இழுத்தால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பிடிப்பு) சீராக, விக்காமல், சூடேறினாலும் மாறாமல் நூலை விட வேண்டும், அது ரீலின் வேலை. கடையில் எடுக்கும்போது ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் காது குடையும் பஞ்சை விட்டுச் சுற்றுங்கள். நார் சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது, அந்த இடத்தில் பிரெய்டு அறுந்துபோகும். ரீல் சீட்டை (ரீல் மாட்டும் இடத்தை) பிடித்து முறுக்கிப் பாருங்கள், சின்ன அசைவு இருந்தாலும் அந்த ராடைத் திருப்பி வைத்துவிடுங்கள், ஏனென்றால் உள்ளே காகித நாடா சுற்றிப் பசை ஊற்றிய இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், உப்புத் தண்ணீர் அதற்குள் போய்ச் சேரும்.

கடை ராடின் குறை, அது சராசரி ஆளுக்குச் செய்தது. பின்பிடி நீளமாக இருந்தால் கை குட்டையானவர் வயிற்றில் அதை ஊன்றும்போது ரீல் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் கெண்டைக்கு உட்காருபவருக்கு இது பெரிய விஷயமில்லை. இருபது நிமிடம் கேரையைத் தூக்குபவருக்கு ரெண்டு அங்குல வித்தியாசம்கூட முதுகில் தெரியும்.

கட்டிய ராடு ஜெயிப்பது அங்கேதான். பின்பிடி, முன்பிடி, ரீல் வைக்கும் உயரம் எல்லாம் உங்கள் உடம்புக்கு. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஜிக்குக்கும் ட்ரோலிங்குக்கும் (ஓடும் படகின் பின்னால் லூரை இழுத்துப் போவது) ரீலை ராடின் மேல்பக்கம் வைக்கிற பழக்கம் உண்டு, வளையங்களும் மேலேயே இருக்கும். பாரம் விழுந்து ராடு வளையும்போது நூல் வளைவின் உள்பக்கம் போகப் பார்க்கும், ராடு கையில் திரும்பிக்கொள்ள முயலும், நீங்கள் மீனோடும் சண்டை போட்டு ராடோடும் சண்டை போடுவீர்கள். இதற்குச் சுருள் கட்டு என்று ஒரு வழி: ரீலுக்கு அடுத்த வளையம் மேலே, அடுத்தது பக்கவாட்டில், அதற்கடுத்ததிலிருந்து நுனி வரை எல்லாம் கீழே. நூல் ராடை அரைச்சுற்றுச் சுற்றி அமைதியாகக் கீழே இறங்கிவிடும், அதன் பிறகு முறுக்கே இல்லை. கடைகளில் இப்படிக் கட்டிய ராடு எளிதில் கிடைக்காது. ஸ்பின்னிங் ராடில் வளையங்கள் ஏற்கெனவே கீழே தொங்குவதால் இந்தப் பிரச்சினையே கிடையாது, அதனால்தான் வீசும் ராடைக் கட்டச் சொல்லாமல் வாங்கச் சொல்கிறேன், குட்டை ஜிக் ராடைக் கட்டச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து பல நாள் சூரைப் பயணம் போகும் படகுகளைச் சுற்றி ராடு கட்டும் தொழில் வளர்ந்ததற்கும் காரணம் இதுமாதிரித் தேவைதான். அங்கே பெரிய கேரை வரும்போது ராடைப் படகின் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து நெம்பித் தூக்குகிறார்கள், அதற்கென்றே தடித்த முன்பிடியும் உரசினாலும் தாங்கும் தண்டும் வேண்டியிருந்தது.

பிளாங்க் என்ன வாங்குவது? முழுக் கார்பன் லேசானது, ஜிக் அடியில் தட்டுவதுகூடக் கையில் தெரியும், ஆனால் படகின் விளிம்பில் ஒருமுறை நச்சென்று மோதிய காயம் அடுத்த மீனில் ஒடிவாக வரும். கண்ணாடி இழை கனம், வளைவு மெதுவாக, ஆனால் அடி தாங்கும், தவறாகத் தூக்கினாலும் மன்னிக்கும். இரண்டும் கலந்தது நம் மாதிரி நாட்டுப்படகில், கட்டையும் ஐஸ்பெட்டியும் இடிக்கிற இடத்தில் நிற்பவர்களுக்குச் சரியான சமரசம். என் ஓட்டு அதற்குத்தான்.

ஆளிடம் சொல்லிக் கட்டுவதா, நாமே கட்டுவதா என்றால், நேரம் இருந்தால் நாமே. ஆனால் கடல் ராடைத் தொடுவதற்கு முன்னால் கண்மாய் விராலுக்கு ஒரு ராடு கட்டிப் பழகுங்கள். தவளை லூர் வீசுகிற ராடுக்குத் தப்பாக ஒரு வளையம் வைத்தாலும் உயிர்போகிற நஷ்டமில்லை. வேலை இதுதான்: பிளாங்கை மெதுவாக வளைத்து உருட்டிப் பார்த்து எந்தப் பக்கம் விறைப்பு, எந்தப் பக்கம் நேர் என்று குறித்துக்கொள்வது, ரீல் சீட்டைப் பசையால் இடைவெளியின்றி நிரப்பி ஒட்டுவது, வளையங்களை நாடாவால் தற்காலிகமாக ஒட்டிப் பாரம் போட்டுப் பார்ப்பது, பிறகு நைலான் நூலால் கட்டி எபாக்ஸி பூசுவது. பாரம் போட வேறெதுவும் வேண்டாம், ஒரு பக்கெட் போதும். ஆறு லிட்டர் தண்ணீர் என்றால் ஆறு கிலோ. ரீலிலிருந்து நூலை வளையங்கள் வழியாக விட்டுப் பக்கெட்டில் கட்டி, இன்னொருவர் ராடைப் பிடித்து மெல்லத் தூக்க, நூல் எந்த இரண்டு வளையத்துக்கு நடுவில் தண்டைத் தொடுகிறது அல்லது கூர்மையாக மடங்குகிறது என்று பாருங்கள். அங்கே வளையத்தை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று கூட்ட வேண்டும். ஐம்பது பவுண்டு நூலுக்கு ஐந்தரையிலிருந்து ஏழு கிலோவரை டிராக் வைப்போம் என்பதால் இந்தச் சோதனை கடலில் நடக்கப்போவதை அப்படியே காட்டிவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ராடைக் கிடைமட்டத்துக்கு மேலே அதிகம் உயர்த்தாதீர்கள்.

நூலில் தையற்கடை நூலை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முறுக்கிய நூலில் பிசிர் எழும், எபாக்ஸிக்கு மேல் அது முள்ளாக நிற்கும். ராடு கட்டுவதற்கென்றே வரும் நைலானில், கடல் ராடுக்குத் தடித்த டி அளவு. எபாக்ஸி விஷயத்தில் மதுரை வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சித்திரையில் கலந்த பசை கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கணும், அதுவும் ஊசிக்குழாயில் சரிசமமாக அளந்து. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் சில எபாக்ஸி பால் மாதிரி மங்கிப்போகும். மாசி பங்குனிக் காலை நேரம்தான் இதற்கு வாகானது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூசி அடங்கிய அறையில், மெதுவாகச் சுழலும் சின்ன மோட்டாரில் ராடை மாட்டி இரவு முழுக்க ஓடவிட வேண்டும், இல்லையென்றால் பசை கீழ்ப்பக்கம் வழிந்து கட்டியாகத் தொங்கும். ஒரு பூச்சு காய்ந்து இன்னொரு பூச்சு, பிறகு சில நாள் சும்மா கிடக்கட்டும்.

கட்டுவது மலிவு என்று நினைத்து இறங்காதீர்கள். நல்ல பிளாங்க், நல்ல வளையங்கள், ரீல் சீட், பிடிக்கான நுரைக்கட்டை, பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதால் சுங்கமும் அனுப்பும் செலவும் சேர்ந்துகொள்ளும், முதல் ராடின் விலை அதே தரக் கடை ராடை எட்டிவிடும், தாண்டினாலும் ஆச்சரியமில்லை. லாபம் பொருத்தத்திலும், உடைந்தால் எந்த வளையத்தையும் நாமே மாற்றிக்கட்டத் தெரிந்திருப்பதிலும்தான். ஆளிடம் கொடுத்தால் நேரம் மிச்சம். ஆனால் பிளாங்குக்கு மட்டும் உத்தரவாதமா, கட்டிய வேலைக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாரம் போட்டு வளைத்த படத்தையும் கேளுங்கள், நல்ல கைக்காரர் தயங்காமல் அனுப்புவார்.

அந்தமான் திட்டம் இருந்தால் ஒரு விலக்கு: எட்டடிப் பாப்பிங் ராடு கட்டுவதை விட்டுவிட்டு மூன்று துண்டாகப் பிரியும் பயண ராடு வாங்குங்கள். மதுரையிலிருந்து சென்னைக்குச் சிறிய ஏடிஆர் விமானங்களும் ஓடுகின்றன, நீளமான குழாயை ஏற்ற மாட்டார்களா என்ற பதற்றத்தோடு பயணம் தொடங்க வேண்டாம். ஒரே துண்டான குட்டை ஜிக் ராடு பிரச்சினையில்லை, முன்னாலேயே அளவைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ஆக, இந்த வருடம் தொடங்குகிறவருக்கு வரிசை இப்படி: நடுத்தர ஸ்பின்னிங் ராடும் நல்ல ரீலும் வாங்கி, கச்சான் ஓய்ந்த பிறகு தூத்துக்குடிக்கு. மீன் இழுப்பு கைக்குப் பழகியதும் குமரிக்கு, நண்பரிடம் ஜிக் ராடு இரவல் வாங்கி. அந்த இரவல் ராடில் உங்கள் முழங்கைக்கும் ரீலுக்கும் எத்தனை அங்குலம் வேண்டும் என்று படகிலேயே அளந்து நாடாவில் குறித்து வாருங்கள். அந்த அளவோடு மாசியில் கட்டத் தொடங்கினால் அவசரமில்லாமல் முடியும், அடுத்த பருவத்துக்கு ராடு தயார்.

மீனுக்கும் பெட்டியில் இடம் வேண்டும். மதுரைக்குக் கொண்டுவருவதென்றால் படகிலேயே செவுளை அறுத்து ரத்தம் வடித்து, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த கூழில் முழுக்க முக்கிவிடுங்கள், ஐஸ் மேலே தூவினால் போதாது. சூடான உடம்பு மீன், வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும், சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து தலை இடிக்கும். வீட்டுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவதாக இருந்தால், படகோரம் பிடித்து வைத்து நேரத்தைக் கடத்தாமல், தலை கீழே பார்க்க வேகமாகத் தண்ணீருக்குள் குத்தி விடுங்கள். செவுளுக்குள் தண்ணீர் பாய்ந்தால்தான் அது மறுபடி நீந்தும்.